டெக்ஸ்ச்சர் மென்பொருள்களின் டீஃபால்ட் செட்டிங்ஸ் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்ஸ்ச்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) வரைகிற சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் நன்றாக இருந்த மாடல், அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் என்ஜினுக்குள் போனதும் வேறு மாதிரி தெரிகிறது. கேம் ஆர்ட் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான புலம்பல் இது, கீழே இருக்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதன் வெவ்வேறு வடிவங்கள்தான். டீஃபால்ட் செட்டிங்ஸ் பெரும்பாலும் தப்பானவை அல்ல. ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு வழக்கத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது, அடுத்த மென்பொருள் வேறொரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நம் கோப்பு நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்பு, கோப்பு எந்த இடத்தில் கைமாறும்போது கெட்டது என்று கண்டுபிடியுங்கள். மாடலிங்கில் இருந்து பேக் செய்யும்போதா (நுணுக்கமான மாடலின் விவரங்களை எளிய மாடலுக்கான படமாக எடுப்பது), பெயின்டரில் இருந்து எக்ஸ்போர்ட் செய்யும்போதா, என்ஜினில் இம்போர்ட் ஆகும்போதா? அது தெரிந்தாலே வேலை முக்கால்வாசி முடிந்தது.

எல்லாவற்றையும் ஃபேக்டரி செட்டிங்ஸுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா?

சில தொல்லைகளுக்கு ஆகும். ஒரு பேனல் காணாமல் போய்விட்டது, பிரஷ் திடீரென்று கிறுக்குத்தனமாக நடந்துகொள்கிறது, ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்றால் ரீசெட் நல்ல மருந்து. போட்டோஷாப்பைத் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் செட்டிங்ஸை அழிக்கலாமா என்று கேட்கும், கிரிட்டாவிலும் அதே மூன்று விசைகள்தான். பிளெண்டரில் ஃபைல் மெனுவுக்குள் டீஃபால்ட்ஸ் என்ற இடத்தில் லோட் ஃபேக்டரி செட்டிங்ஸ் இருக்கிறது. மாயாவில் ப்ரெஃப்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். சேர்த்து வைத்த பிரஷ்களும் ஷார்ட்கட்களும் அதற்குள் இருக்கலாம்.

ஆனால் நிறம் மாறுகிறது, நார்மல் மேப் (மேடு பள்ளம் இருப்பது போலக் காட்டும் படம்) தலைகீழாக இருக்கிறது போன்ற புகார்களுக்கு ரீசெட் ஒன்றும் செய்யாது. ஏனென்றால் தொல்லையைக் கொடுத்ததே அந்த டீஃபால்ட்தான், ரீசெட் அதையே திரும்பக் கொண்டுவந்து வைக்கும். தவிர, நார்மல் ஃபார்மட், வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் முறை) போன்றவை அந்தந்த ப்ராஜெக்ட் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன, மென்பொருளை ரீசெட் செய்தாலும் பழைய கோப்பு பழைய மாதிரியேதான் திறக்கும்.

என்ஜினில் போட்டதும் பள்ளமெல்லாம் மேடாகவும் மேடெல்லாம் பள்ளமாகவும் தெரிகிறது. ஏன்?

பச்சை சேனல் (படத்தின் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளில் ஒன்று). நார்மல் மேப்பில் இரண்டு வழக்கங்கள் உண்டு, ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம், பச்சை சேனல் ஒன்றில் இருப்பது மற்றதில் தலைகீழாக இருக்கும். பிளெண்டர், மாயா, யூனிட்டி மூன்றும் ஓபன்ஜிஎல் பக்கம், அன்ரியல் டைரக்ட்எக்ஸ் பக்கம். சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் புது ப்ராஜெக்ட் தொடங்கும் பெட்டியில் நார்மல் மேப் ஃபார்மட் என்ற இடத்தில் டீஃபால்ட்டாக டைரக்ட்எக்ஸ் இருக்கும். அன்ரியலுக்கு வேலை செய்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது. யூனிட்டிக்கோ பிளெண்டருக்கோ கொண்டுபோகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

இதில் கஷ்டம் என்னவென்றால் பக்கவாட்டு விவரங்கள் சரியாகவே தெரியும், ஏனென்றால் சிவப்பு சேனல் இரண்டிலும் ஒன்றுதான். மேலும் கீழும் மட்டும் வெளிச்சம் புரண்டிருக்கும். அதனால் சிலர் பல நாள் கவனிக்காமலேயே விட்டுவிட்டு, லைட்டிங்தான் சரியில்லை என்று லைட்டை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். சந்தேகம் வந்தால் பச்சை சேனலை மட்டும் தனியாகத் திறந்து, மேடாக இருக்க வேண்டிய ஒரு திருகாணித் தலையைப் பாருங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி மேல் விளிம்பு வெளுத்திருந்தால் ஓபன்ஜிஎல், கீழ் விளிம்பு வெளுத்திருந்தால் டைரக்ட்எக்ஸ்.

சரிசெய்வது சுலபம். பெயின்டரில் ப்ராஜெக்ட் கான்ஃபிகரேஷனில் பிறகும் மாற்றிக்கொள்ளலாம், அல்லது எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டில் எது வேண்டுமோ அந்த நார்மலைத் தேர்ந்தெடுக்கலாம். அன்ரியலில் டெக்ஸ்ச்சரைத் திறந்தால் ஃப்ளிப் கிரீன் சேனல் என்று ஒரு டிக் இருக்கும். பிளெண்டரில் பேக் செய்யும்போது பச்சைக்கு நேரே இருக்கும் ப்ளஸ் ஒய்யை மைனஸ் ஒய்யாக மாற்றலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள். இரண்டு இடத்தில் திருப்பினால் பழையபடியே ஆகிவிடும், அப்புறம் எங்கே திருப்பினோம் என்று தேடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வெளியில் இருந்து எடுத்த நார்மல் மேப்பைப் பெயின்டரில் போட்டால் அது எந்த வழக்கம் என்று பெயின்டர் தானாகக் கண்டுபிடிக்காது. ப்ராஜெக்ட் எதுவோ அதுதான் இதுவும் என்று நம்பி எடுத்துக்கொள்ளும்.

பச்சையைத் திருப்பியாயிற்று, ஆனாலும் யூவி (மாடலின் பரப்பைத் தட்டையாக விரித்தது) தையல் ஓரங்களில் நிழல் கோடு தெரிகிறதே?

அப்போது டேன்ஜென்ட் (நார்மல் மேப்பின் திசைகளை மாடலின் பரப்போடு பொருத்துவது) கணக்கு ஒத்துப்போகவில்லை. பேக் செய்த மென்பொருளும் காட்டுகிற மென்பொருளும் ஒரே முறையில் டேன்ஜென்ட்டைக் கணக்கிட வேண்டும், இப்போது பெரும்பாலான இடங்களில் அந்த முறை மிக்-டி-ஸ்பேஸ். பேக் செய்வதற்கு முன்பே லோ பாலி (குறைந்த முகங்கள் உள்ள) மாடலை முக்கோணமாக்கி, அதே முக்கோணத்தை என்ஜினுக்கும் அனுப்புங்கள். நாலு பக்க முகத்தை ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டப்படி குறுக்கே வெட்டிக்கொள்ளும், வெட்டு மாறினால் நிழல் மாறும். ஹார்ட் எட்ஜ் (கூர்மையாகத் தெரிய வேண்டிய விளிம்பு) போட்ட இடத்தில் யூவியையும் பிரித்திருக்க வேண்டும், இதில் சலுகை கிடையாது.

பிளெண்டரில் இருந்து எஃப்பிஎக்ஸ் (மாடல் கோப்பு) எடுத்து அன்ரியலில் போடும்போது ஸ்மூத்திங் குரூப் தகவல் இல்லை என்று எச்சரிக்கை வந்தால், எக்ஸ்போர்ட் பெட்டியில் ஜியாமெட்ரி பகுதியில் ஸ்மூத்திங்கை நார்மல்ஸ் ஒன்லியில் இருந்து ஃபேஸுக்கு மாற்றுங்கள்.

இரும்பு, மரம் எல்லாமே ஈரமாக, வழவழப்பாகத் தெரிகின்றன. ரஃப்னெஸ் (சொரசொரப்பு) மேப்பைச் சரியாகத்தான் இணைத்திருக்கிறேன்.

இணைத்தது சரி, அதைப் படிக்கும் விதம் தப்பு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கண்ணுக்கு நிறமாகத் தெரிய வேண்டிய படங்கள் எஸ்ஆர்ஜிபி (திரைக்கு ஏற்ப எண்களை வளைத்துச் சேமிக்கும் முறை) வளைவில் சேமிக்கப்படுகின்றன. பேஸ் கலர் (அடிப்படை நிறம்), எமிஸிவ் (தானாக ஒளிரும் பகுதி) இரண்டும் அந்த வகை. ரஃப்னெஸ், மெட்டாலிக் (உலோகத்தன்மை), ஏஓ (இடுக்குகளில் விழும் நிழல்), நார்மல், ஹைட் (உயரம்) எல்லாம் நிறம் அல்ல, வெறும் எண்கள். படமாகத் தெரிவதால் நாம்தான் நிறம் என்று நினைக்கிறோம். ஆனால் மென்பொருளுக்கு எது எண், எது நிறம் என்று தெரியாது, டீஃபால்ட்டாக எல்லாவற்றையும் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். பிளெண்டரின் இமேஜ் டெக்ஸ்ச்சர் நோடு 8 பிட் படத்தைத் திறந்தால் எஸ்ஆர்ஜிபி என்றுதான் வைக்கும். யூனிட்டியிலும் அன்ரியலிலும் இம்போர்ட் ஆனவுடன் எஸ்ஆர்ஜிபி டிக் போட்டே இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரஃப்னெஸ் 0.5 என்று பெயின்ட் செய்திருக்கிறீர்கள். அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து லீனியராக (வளைவு இல்லாத நேர் எண்ணாக) மாற்றினால் கிட்டத்தட்ட 0.21 ஆகிவிடும். பாதிச் சொரசொரப்பு கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஈரமாகத் தெரியாமல் என்ன செய்யும்? நார்மல் மேப்புக்கு நடப்பது இன்னும் மோசம். தட்டையான இடத்தில் சிவப்பும் பச்சையும் 0.5 இருக்க வேண்டும், அதுதான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று பொருள். அது 0.21 ஆனால் மொத்தப் பரப்பும் ஒரு மூலை பக்கம் சாய்ந்துவிட்டதாக ஷேடர் (பரப்பில் வெளிச்சத்தைக் கணக்கிடும் நிரல்) நினைத்துக்கொள்ளும், மாடல் முழுக்க விநோத நிழல் விழும்.

பிளெண்டரில் அந்த நோடில் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றுங்கள். மாயாவில் ரா. யூனிட்டியில் எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுங்கள், நார்மலுக்கு டெக்ஸ்ச்சர் டைப்பையே நார்மல் மேப் என்று மாற்றுங்கள். அன்ரியலில் கம்ப்ரெஷனை மாஸ்க்ஸ் என்று வைத்தால் எஸ்ஆர்ஜிபி தானாகப் போய்விடும். ஆனால் ஏற்கெனவே மெட்டீரியலில் பயன்படுத்திய டெக்ஸ்ச்சரை இப்படி மாற்றினால் சாம்ப்ளர் (டெக்ஸ்ச்சரைப் படிக்கும் நோடு) டைப் பொருந்தவில்லை என்று சிவப்பாகக் கத்தும், பயப்பட வேண்டாம், மெட்டீரியலுக்குள் போய் அந்தச் சாம்ப்ளரையும் மாஸ்க்ஸாக மாற்றினால் அடங்கிவிடும். நார்மல் மேப்பை மட்டும் இரண்டு என்ஜின்களும் ஓரளவு கவனித்துக்கொள்கின்றன. அன்ரியல் இம்போர்ட்டின்போதே அடையாளம் கண்டு மாற்றிவிட்டதாகச் சொல்லும், யூனிட்டி மெட்டீரியலில் போடும்போது சரிசெய்யட்டுமா என்று ஒரு பட்டன் காட்டும். ரஃப்னெஸ் விஷயத்தில் யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

பேஸ் கலர் மட்டும் வெளிறிப்போய்த் தெரிகிறது. பெயின்ட் செய்த நிறம் எங்கே போயிற்று?

கோப்பில் அந்த நிறம் அப்படியே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது டோன் மேப்பிங் (வெளிச்ச அளவுகளைத் திரைக்குள் அடக்குவது) முடிந்த பிறகான படம். பிளெண்டரில் 2.8 முதல் ஃபில்மிக் டீஃபால்ட்டாக இருந்தது, 4.0 முதல் ஏஜிஎக்ஸ். இரண்டுமே பளிச்சென்ற நிறங்களை அடக்கிக் காட்டும், ரெண்டருக்கு அது அழகு. கையால் பெயின்ட் செய்த டெக்ஸ்ச்சரைச் சரிபார்க்கும்போது அது இடைஞ்சல், அதனால் ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் கலர் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாயாவிலும் 2022 பதிப்பு முதல் ஏசிஇஎஸ் என்ற நிற மேலாண்மை வழி வந்துவிட்டது, அன்ரியலில் ஃபில்மிக் டோன் மேப்பர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியூபோர்ட்டில் வெளிறித் தெரிகிறதே என்று பேஸ் கலரின் சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அந்த டெக்ஸ்ச்சர் வேறொரு லைட்டிங்கில் போனால் கண்ணைக் குத்தும். பார்க்கும் கண்ணாடி மங்கலாக இருந்தால் கண்ணாடியை மாற்றுங்கள், படத்தின் மேல் கை வைக்காதீர்கள்.

அன்ரியலில் ஒரே பொருள் சில நேரம் இருட்டாகவும் சில நேரம் வெளிச்சமாகவும் மாறிக்கொண்டே இருக்கிறதே?

ஆட்டோ எக்ஸ்போஷர். கண் இருட்டுக்குப் பழகுவது போலக் கேமராவும் பழக வேண்டும் என்று டீஃபால்ட்டாகவே ஆன் செய்து வைத்திருக்கிறார்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரிங் பகுதியில் அதை அணைத்துவிட்டு டெக்ஸ்ச்சரைச் சரிபாருங்கள். மோஷன் பிளரையும் சேர்த்து அணைத்துவிடலாம், மாடலைச் சுற்றிப் பார்க்கும்போது அது எதற்கு?

போட்டோஷாப்பில் சேனல் காப்பி செய்து ஒட்டினால் சாம்பல் அளவு மாறிவிடுகிறது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

இல்லை, நிஜமாகவே மாறுகிறது. போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் ஆர்ஜிபிக்கு எஸ்ஆர்ஜிபி என்று இருக்கும், ஆனால் கிரே என்ற வரியில் வட அமெரிக்க டீஃபால்ட்டில் டாட் கெயின் 20% என்று இருக்கும். அது அச்சுத் தொழிலுக்கான செட்டிங், காகிதத்தில் மை பரவுவதற்கு ஈடுகட்டுவது. கேம் டெக்ஸ்ச்சருக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை. கிரேஸ்கேல் கோப்பில் இருந்து ஆர்ஜிபி கோப்புக்கு எதையாவது ஒட்டும்போது இந்த இரண்டு வளைவுகளுக்கும் நடுவில் மாற்றம் நடந்து எண்கள் நகர்ந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், கே அழுத்தி கிரேயை எஸ்கிரே என்று வைத்துவிடுங்கள். ஒரு முறை செய்தால் போதும், ஆனால் ப்ரெஃபரன்ஸை ரீசெட் செய்தால் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆல்ஃபா பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆல்ஃபாவில் ஸ்மூத்னெஸ் வைத்த பிஎன்ஜியைப் போட்டோஷாப்பில் திறந்தால் அது ஆல்ஃபாவை ஊடுருவும் தன்மை என்று எடுத்துக்கொண்டு பாதிப் படத்தை மறைத்துவிடும், திருப்பிச் சேமித்தால் அடியில் இருந்த நிறமும் போகலாம். இந்த மாதிரிக் கோப்புகளுக்கு டிஜிஏதான் நல்லது, ஆல்ஃபா தனி சேனலாகவே நிற்கும்.

சேனல் பேக்கிங் (பல மேப்களை ஒரே படத்தின் சேனல்களில் அடைப்பது) செய்த மேப்பைப் போட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது. எந்த வரிசை சரி?

என்ஜினைப் பொறுத்தது. அன்ரியலில் வழக்கமாகச் சிவப்பில் ஏஓ, பச்சையில் ரஃப்னெஸ், நீலத்தில் மெட்டாலிக், ஜிஎல்டிஎஃப் மாடல் கோப்பிலும் இதே வரிசைதான். யூனிட்டியின் ஹெச்டிஆர்பி (உயர்தர ரெண்டரிங் வழி) மாஸ்க் மேப்பில் சிவப்பு மெட்டாலிக், பச்சை ஏஓ, நீலம் டீடெய்ல் மாஸ்க், ஆல்ஃபா ஸ்மூத்னெஸ். யூனிட்டி கேட்பது ரஃப்னெஸ் அல்ல, ஸ்மூத்னெஸ், அதாவது ஒன்றில் இருந்து ரஃப்னெஸைக் கழித்தது. அப்படியே போட்டால் கண்ணாடி சொரசொரப்பாகவும் கல் பளபளப்பாகவும் வரும். பெயின்டரின் எக்ஸ்போர்ட் பெட்டியில் டீஃபால்ட் ப்ரீசெட்டிலேயே நிற்காமல் உங்கள் என்ஜினுக்கானதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் திருப்பல்களை அதுவே செய்துவிடும்.

4096 அளவில் எக்ஸ்போர்ட் செய்தேன், யூனிட்டியில் மங்கலாக இருக்கிறது.

மேக்ஸ் சைஸ் 2048. அதுதான் அங்கே டீஃபால்ட், ஒரு வார்த்தை சொல்லாமல் பாதியாகக் குறைத்துவிடும். டெக்ஸ்ச்சரைத் தேர்ந்தெடுத்து 4096 ஆக்குங்கள், ஆனால் உண்மையிலேயே அவ்வளவு தேவையா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு. பிக்ஸல் ஆர்ட் என்றால் தொல்லை வேறு: ஃபில்டர் மோடு பைலீனியரில் இருக்கும், அதைப் பாயின்ட் ஆக்கி, கம்ப்ரெஷனை நன் (None) என்று வைக்க வேண்டும்.

அன்ரியலில் மங்கல் என்றால் முதலில் திரையின் மூலையில் டெக்ஸ்ச்சர் ஸ்ட்ரீமிங் பூல் நிரம்பிவிட்டது என்ற எழுத்து வருகிறதா பாருங்கள். நினைவகம் போதாமல் சின்ன மிப்பை (அதே படத்தின் சிறிய நகலை) காட்டிக்கொண்டிருக்கும். பக்க அளவுகள் இரண்டின் அடுக்காக இல்லாத படத்துக்கு அங்கே மிப்பும் ஸ்ட்ரீமிங்கும் கிடைக்காது, அதையும் கவனியுங்கள்.

பெயின்டரில் 1024இல் வேலை செய்துவிட்டுக் கடைசியில் பெரிதாக எக்ஸ்போர்ட் செய்யலாமா என்றும் கேட்பார்கள். செய்யலாம், பிரஷ் கோடுகளைப் புது அளவில் அது திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளும். மெஷ் மேப்களை (மாடலில் இருந்து பேக் செய்த படங்களை) மட்டும் பெரிய அளவில் மறுபடி பேக் செய்யுங்கள், அவை படங்கள், தானாகக் கூர்மையாகாது.

பேக் செய்தால் கறுப்புத் திட்டுகள், பக்கத்துப் பாகத்தின் நிழல், படிக்கட்டு ஓரங்கள். எங்கே தொடங்குவது?

பெயின்டர் என்றால் மூன்று செட்டிங்ஸ். முன்பக்க, பின்பக்கத் தூரங்கள் டீஃபால்ட்டாக 0.01 என்று இருக்கும், அது மாடலின் மொத்த அளவோடு ஒப்பிட்ட எண். நீளமான ஈட்டிக்கும் குண்டான பீப்பாய்க்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஹை பாலியின் (நுணுக்கமான மாடலின்) மேடு கேஜுக்கு (இந்தத் தூரங்கள் போடும் எல்லை உறைக்கு) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை விழும், தூரத்தை அதிகமாக ஏற்றினால் பக்கத்துப் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் பாகத் தொல்லைக்கு மேட்ச் என்ற இடத்தில் ஆல்வேஸ் என்பதை பை மெஷ் நேம் என்று மாற்றி, பாகங்களுக்கு ஒரே பெயரும் கடைசியில் அடிக்கோட்டுக் குறியோடு (_) லோ, ஹை என்ற ஒட்டும் வையுங்கள். படிக்கட்டு ஓரத்துக்கு ஆன்டி ஏலியாசிங். அது டீஃபால்ட்டில் இல்லவே இல்லை, காரணம் வேகம். சோதனைக்கு அப்படியே விடுங்கள், கடைசி பேக்குக்கு நாலுக்கு நாலு வையுங்கள்.

பிளெண்டர் என்றால் கதை வேறு. பேக் பேனலே காணவில்லை என்பவர்களுக்கு: ரெண்டர் என்ஜின் டீஃபால்ட்டாக ஈவீ, பேக் இருப்பது சைக்கிள்ஸில். அப்புறம் செலக்டட் டு ஆக்டிவ் டிக் கிடையாது, எக்ஸ்ட்ரூஷன் பூஜ்யம், இரண்டையும் நாமே போட வேண்டும். ஹை பாலியை முதலில், லோ பாலியைக் கடைசியில் தேர்ந்தெடுக்க வேண்டும், லோ பாலியின் மெட்டீரியலில் ஒரு இமேஜ் நோடு இருந்து அது தேர்வாகியும் இருக்க வேண்டும். எதற்கும் வயர் இணைக்காத அந்த நோடில்தான் படம் போய் உட்காரும் என்பதை யாரும் தானாக ஊகிக்க முடியாது, இது அந்த மென்பொருளின் பழைய கோணல்களில் ஒன்று. கடைசியாக, சாம்பிள் எண்ணிக்கை 4096 என்று இருக்கும், நார்மல் மேப்புக்கு 16 தாராளம். ஒரு மணி நேரம் காத்திருந்தேன் என்கிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காதவர்கள்.

பேக் செய்த படம் பிளெண்டரை மூடித் திறந்தால் கறுப்பாகிவிட்டது!

பிளெண்ட் கோப்பைச் சேமித்தால் படம் சேமிக்கப்படாது. இமேஜ் எடிட்டரில் மெனுவில் இமேஜ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள். டெக்ஸ்ச்சர் பெயின்ட்டிலும் இதே கதைதான். மூடும்போது எச்சரிக்கை வரும், அதைப் படிக்காமல் சரி, சரி என்று அழுத்துகிற கைதான் எதிரி.

யூவி ஓரங்களில் தூரத்தில் இருந்து பார்த்தால் மெல்லிய கோடு தெரிகிறது, பக்கத்தில் போனால் இல்லை.

பேடிங் (யூவி ஓரத்துக்கு வெளியே நீட்டி நிரப்பும் நிறம்) போதவில்லை. தூரம் போகப்போக என்ஜின் சின்ன மிப்களுக்கு மாறும், ஒவ்வொரு மிப்பும் பாதி அளவு, அதனால் 16 பிக்ஸல் பேடிங் நாலே படியில் ஒரு பிக்ஸலாகிவிடும், அதற்கு மேல் பின்னணி நிறம் உள்ளே கசியும். பிளெண்டரின் பேக் மார்ஜின் டீஃபால்ட் 16 பிக்ஸல், பெரிய படத்துக்கு ஏற்றுங்கள். பெயின்டரில் இதே பேடிங்குக்கு டைலேஷன் இன்ஃபினிட் நல்ல டீஃபால்ட், அதைத் தொடாதீர்கள்.

பெயின்டரில் ஓபாசிட்டி பெயின்ட் செய்கிறேன், ஒன்றும் மறையவில்லை.

இரண்டு விஷயம் வேண்டும், இரண்டும் டீஃபால்ட்டில் கிடையாது. டெக்ஸ்ச்சர் செட் செட்டிங்ஸில் ஓபாசிட்டி சேனலைச் சேர்க்க வேண்டும். அப்புறம் ஷேடர் செட்டிங்ஸில் சாதாரண மெட்டல் ரஃப் ஷேடருக்குப் பதில் ஆல்ஃபா பிளெண்டிங் அல்லது ஆல்ஃபா டெஸ்ட் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலை, கம்பி வலை போன்றவற்றுக்கு ஆல்ஃபா டெஸ்ட் போதும்.

அதே பெயின்டரில் யூடிம் (ஒரே மாடலுக்குப் பல யூவி கட்டங்கள்) வேலை செய்யவில்லை என்றால், யூவி டைல் டிக்கை ப்ராஜெக்ட் தொடங்கும்போதே போட்டீர்களா பாருங்கள். அந்த முடிவை அங்கேயே எடுத்துவிட வேண்டும்.

ஹைட் மேப்பில் படிப்படியாகக் கோடுகள் தெரிகின்றன.

8 பிட். மொத்தம் 256 படிகள்தான், மெல்லிய சரிவுக்கு அது போதாது. 16 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பேக் செய்யும் நார்மலுக்கும் மூல கோப்பு 16 பிட்டாக இருப்பது நல்லது, குறிப்பாக வழவழப்பான உலோகப் பரப்புக்கு. வெறும் ரஃப்னெஸ் மாஸ்க்குக்கெல்லாம் 8 பிட்டே போதும், கோப்பை வீங்கவிடாதீர்கள்.

மாடல் என்ஜினில் படுத்துக்கிடக்கிறது, அல்லது நூறு மடங்கு பெரிதாக வருகிறது.

பிளெண்டருக்கும் அன்ரியலுக்கும் மேல்நோக்கிய அச்சு இசட், மாயாவுக்கும் யூனிட்டிக்கும் ஒய். அளவில் அன்ரியலின் ஒரு யூனிட் ஒரு சென்டிமீட்டர், யூனிட்டியில் ஒரு மீட்டர், பிளெண்டரில் மீட்டர், மாயாவில் சென்டிமீட்டர். நூறு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். 3டிஎஸ் மேக்ஸில் சிஸ்டம் யூனிட் டீஃபால்ட்டாக ஒரு இன்ச், 180 சென்டிமீட்டர் என்று நினைத்துச் செய்த ஆள் 457 சென்டிமீட்டர் உயரத்தில் வந்து நிற்பான்.

பிளெண்டரில் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பு கன்ட்ரோல் ஏ அழுத்தி ரொட்டேஷனையும் ஸ்கேலையும் அப்ளை செய்யுங்கள். இதற்கு டெக்ஸ்ச்சர் சம்பந்தமான காரணமும் உண்டு: ஒரு பக்கம் மட்டும் இழுத்த ஸ்கேலை அப்ளை செய்யாமல் அன்ராப் செய்தால், இழுக்காத மாடலுக்குத்தான் யூவி விரியும், செக்கர் கட்டங்கள் சப்பையாகத் தெரியும்.

பிளெண்டரில் முழுசாக இருக்கும் மாடல் என்ஜினில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

முகங்கள் உள்ளே பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பிளெண்டர் டீஃபால்ட்டாக இரண்டு பக்கமும் காட்டும், என்ஜின்கள் பின்பக்கத்தை வரையாது. ஓவர்லேயில் ஃபேஸ் ஓரியன்டேஷனை ஆன் செய்தால் திரும்பியவை சிவப்பாகத் தெரியும். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், என் விசைகளை அழுத்துங்கள்.

பேனா அழுத்தம் வேலை செய்யவில்லை.

விண்டோஸில் பேனாவைப் படிக்க இரண்டு வழிகள், விண்டோஸ் இங்க், வின்டேப். டிரைவர் ஒன்றிலும் மென்பொருள் மற்றொன்றிலும் இருந்தால் அழுத்தம் தொலைந்துபோகும், கோடு மட்டும் வரும். போட்டோஷாப் டீஃபால்ட்டாக விண்டோஸ் இங்க்கை எதிர்பார்க்கிறது. பிளெண்டரில் ப்ரெஃபரன்ஸில் இன்புட் பகுதியில் டேப்லெட் ஏபிஐ, கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ், இரண்டிலும் நாமே தேர்ந்தெடுக்கலாம், கிரிட்டாவை மூடித் திறந்தால்தான் மாறும். கிரிட்டாவில் பிரஷ் திடீரென்று அழிக்க ஆரம்பித்தால் ஈ விசையில் கை பட்டிருக்கிறது, இன்னொரு முறை அழுத்துங்கள்.

கனமான கோப்பில் பெயின்டர் திடீரென்று மூடிக்கொள்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு போயிற்றா?

அவசரப்பட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கிவிடும். டிடிஆர் என்பது இதுதான். பெரிய பேக்குக்கு 2 விநாடி எந்த மூலைக்கு? ரெஜிஸ்ட்ரியில் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் என்ற இடத்தில் டிடிஆர் டிலே, டிடிஆர் டிடிஐ டிலே என்று இரண்டு மதிப்புகளையும் 60 ஆக்கச் சொல்லிப் பெயின்டர் தரப்பிலேயே பரிந்துரை உண்டு. எண்ணைப் போடும்போது டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஹெக்ஸாவில் 60 போட்டால் அது 96. கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்பு அதன் நகலை எடுத்து வையுங்கள்.

லேப்டாப் என்றால் அதற்கும் முன்னால், மென்பொருள் எந்த கார்டில் ஓடுகிறது என்று பாருங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அதைச் சின்ன கார்டில் ஓட்டிக்கொண்டிருக்கலாம், கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றிவிடலாம்.

போட்டோஷாப்பில் 72 பிபிஐ வைப்பதா 300 வைப்பதா?

எதுவானாலும் ஒன்றுதான். என்ஜின் பிக்ஸலை மட்டுமே எண்ணும்.

புதுப் பதிப்பு போட்டதும் எல்லாம் மாறிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா?

நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் என்றால் பழைய பதிப்பிலேயே முடியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிளெண்டர் 4.0இல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் மாறியது, 4.1இல் ஆட்டோ ஸ்மூத் டிக் போய் மாடிஃபையராக வந்தது. பழைய கோப்பைத் திறந்தால் அது ஃபில்மிக்கிலேயே இருக்கும், புதுக் கோப்பு ஏஜிஎக்ஸில் தொடங்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

அப்படியானால் எனக்கென்று ஒரு டீஃபால்ட் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும். பிளெண்டரில் யூனிட், வியூ டிரான்ஸ்ஃபார்ம், சாம்பிள் எல்லாவற்றையும் சரிசெய்து ஸ்டார்ட்அப் ஃபைலாகச் சேமியுங்கள், ஆனால் காட்சியில் மாடல் எதுவும் இல்லாதபோது செய்யுங்கள், இல்லாவிட்டால் தினமும் அந்த மாடல் வந்து வரவேற்கும். பெயின்டரில் நார்மல் ஃபார்மட், சேனல்கள், ஷேடர் எல்லாம் சேர்த்து டெம்ப்ளேட் ஆக்கலாம், எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டையும் உங்கள் பெயர் வழக்கப்படி செய்துகொள்ளலாம். யூனிட்டியில் ப்ரீசெட் மேனேஜர் இருக்கிறது, கோப்புப் பெயரின் கடைசி ஒட்டை வைத்து நார்மல் எது, மாஸ்க் எது என்று பிரித்துத் தனித்தனி இம்போர்ட் செட்டிங்ஸ் கொடுக்கலாம். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த டெம்ப்ளேட் கோப்புகளையும் ப்ராஜெக்ட்டோடு ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் அதையே எடுக்கும்படி செய்யுங்கள். ஒருவர் மட்டும் தன் கம்ப்யூட்டரில் டைரக்ட்எக்ஸிலேயே இருந்துவிட்டால், அவர் செய்த பொருள்களின் நார்மல் மேப் மட்டும் தனியாகப் புரண்டு நிற்கும்.